தோலுக்கு அடியில் ஒரு விளக்கு

மத்திகிரியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களுக்குள் நடுப்பகலில் நுழைந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கக்கூடும்: தலைக்கு மேல் விரித்த பால்நிறத் தாளின் வழியே வெளிச்சம் தாராளமாக இறங்கினாலும், சூரியன் எங்கே நிற்கிறான் என்பது புலப்படுவதில்லை, செடியின் நிழலும் தரையில் தெளிவாக விழுவதில்லை. தாள் வெளிச்சத்தைத் தடுப்பதைக் காட்டிலும் அதன் திசையையே அதிகமாகக் கலைக்கிறது. மனித சரீரத்தின் சதையும் இத்தகையதொரு தாள்தான்.

இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. விரல் நுனியைக் குத்திக் குத்திச் சலித்தவர்களுக்காக, தோலுக்கு அடியிலேயே பதிந்திருந்து ஒளியால் சர்க்கரையை அளக்கும் கருவியைச் செய்யப் புகுந்த விஞ்ஞானிகளை அலைக்கழித்தவற்றுள் முக்கியமானது, சதைக்குள் ஒளி செய்யும் பிரயாணமாகும்.

இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் சிவப்பாக ஒளிர்வதை அறியாத சிறுவன் இல்லை. நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் குறுகிய அலைகளை விழுங்குகிறது. நீண்ட அலைகளைத் தண்ணீர் விழுங்குகிறது. இடையே, ஏறக்குறைய 650 முதல் 950 நானோமீட்டர் வரை, ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த ஜன்னலிலும் ஒளி ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு தூரம் செல்வதற்குள் இடறித் திசை மாறுகிறது. ஆகையால் அது நடக்கும் வழியின் நீளம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை வேறுபட, சர்க்கரை மாறாதபோதும் அளவு மாறியதுபோல் தோன்றிவிடுகிறது. ஒளியாலேயே அளக்கும், விரலில் மாட்டும் பிராணவாயு அளவி கருந்தோலினரிடம் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதை 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். நம் நாட்டார் இதை அலட்சியமாகக் கடந்துவிட முடியாது.

அமெரிக்காவின் சென்சியோனிக்ஸ் நிறுவனத்தார் இந்தப் பிரயாணத்தையே தவிர்த்தார்கள். மேற்கையில் பதிக்கும், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள அவர்களுடைய ‘எவர்சென்ஸ்’ உருளைக்குள் விளக்கும், ஒளியை உணரும் கண்ணும் இருக்கின்றன. மேற்பூச்சில் உள்ள சாயம், சதைநீரின் சர்க்கரையைப் பற்றிக்கொண்டதும் கூடுதலாக ஒளிர்கிறது. விளக்கின் புற ஊதாக் கிரணம் தோலைக் கடக்க வேண்டியதேயில்லை. அளவைச் சுமந்து தோலைக் கடப்பவை ரேடியோ அலைகள், அவற்றுக்கு மெலனின் ஒரு பொருட்டல்ல. 2018-இல் அமெரிக்காவில் 90 நாளுக்கு அனுமதி பெற்ற இக்கருவி 2024-இல் ஓராண்டுக்குப் பெற்றது. நமக்கு அருகே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜெய பிரகாஷ் குழுவினர் வேறொரு உபாயம் தேடுகிறார்கள்: ஒளியை உள்ளே அனுப்பி, அதனால் திசு எழுப்பும் நுண்ணிய ஒலியைக் கேட்பது. ஒளியைப் போல் ஒலி சதைக்குள் அவ்வளவு சிதறுவதில்லை.

ஆயினும் சரீரம் எளிதில் இணங்குவதில்லை. அந்நியப் பொருளைச் சுற்றி நார்த்திசுவால் அது சுவரெழுப்பும் என்பதால், உருளையில் ஸ்டிராய்டு மருந்து கசியும் வளையம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் உட்கொள்வோருக்குக் கணக்கு தவறும். எல்லாவற்றினும் வேடிக்கை, உச்சிவெயிலின் ஒளி சதையைத் துளைத்து உள்ளே போய் அந்தக் கண்ணைக் கூசவைப்பதுதான். அப்போது கருவி அளவு சொல்ல மறுத்து எச்சரிக்கை காட்ட, அணிந்தவர் கையை மூடிக்கொண்டோ நிழலில் ஒதுங்கியோ சற்றுக் காத்திருக்க வேண்டியதாகிறது.