எல்லையோர விளைகள் – 6: விளைக்கு வர அலுவலருக்கு நேரமில்லை

ஏத்தன் வாழை நட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கும். தண்டில் ஊசி குத்தியதுபோல் சிறு துளை. அதிலிருந்து பிசின்போல் ஏதோ வடிந்து நிற்கும். தண்டு கூன்வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே காய்ந்த மட்டைகளை உரித்துவிட்டு, சரியான மருந்தைச் சரியான அளவில் அடித்தால் வாழை தப்பும். அசட்டையாக விட்டால் புழு தண்டைக் குடைந்துவிடும். குலையோடு நிற்கும் வாழை ஒரு காற்றுக்கே ஒடிந்து விழும். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல் பக்கத்து விவசாயிக்கு வேளாண் அலுவலர் தேவைப்படுவது அந்த ஓரிரு வாரத்தில்தான்.

அந்த நேரத்தில் அலுவலர் எங்கே இருக்கிறார்?

பெரும்பாலும் மேசையில். கேரளத்தில் கிருஷி பவன்கள் என்ற வேளாண் அலுவலகங்கள் 1987-ல் தொடங்கப்பட்டன, பஞ்சாயத்துக்கு ஒன்று என்ற கணக்கில். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் வேளாண் விரிவாக்க மையம் வட்டார அளவில்தான். அந்த வகையில் நெய்யாற்றின்கரை விவசாயி கொடுத்துவைத்தவர். ஆனால் கூப்பிடு தூரத்தில் ஓர் அரசு அலுவலகம் இருப்பதாலேயே எல்லா வேலையும் அதன் தலையில் விழுந்தது. மானிய விண்ணப்பம், விவசாயி ஓய்வூதியம், பயிர்க் காப்பீடு, நாற்று விநியோகம்... போதாததற்கு 2008-ன் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம். வேளாண் அலுவலர்தான் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் கன்வீனர். வயல் என்று பதிவான நிலத்தில் வீடு கட்டுவதற்காக, அதை வயல் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஒருவர் வருவாய் அதிகாரியிடம் மனுப் போட்டால், நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவரும் அவரே. அந்தச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய மனுக்கள் குவிந்தன. வீட்டுமனை பார்க்கவே நாள் போய்விடுகிறது. வாழையைப் பார்ப்பது எப்போது?

பார்க்க வேண்டியவர்களோ ஏராளம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சராசரி நில உடைமை 0.18 ஹெக்டேர், அதாவது சுமார் 44 சென்ட். இந்திய சராசரி 1.08 ஹெக்டேர்.

அந்தத் துண்டு நிலமும் சொந்தமில்லாதவர்கள் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து வாழையும் மரச்சீனியும் போடுகிறார்கள். 1964 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் புதிதாகக் குத்தகைக்கு விடத் தடை. எனவே பாட்டம் வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. எழுதிக் கொடுக்க நிலக்காரருக்குப் பயம். கரம் (நிலவரி) கட்டிய ரசீது அவர் பெயரில் இருக்கும், மண்வெட்டி பிடிப்பது வேறொருவர். அலுவலர் மனம் வைத்தாலும் பாடுபட்டவருக்கு உதவி போய்ச் சேர்வது பெரும்பாடு.

அலுவலர் வராத இடத்தை மருந்துக் கடைக்காரர் நிரப்புகிறார். 2003-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வில், இடுபொருள் விற்பவரிடம் யோசனை பெற்ற விவசாயக் குடும்பங்கள் 13.1 சதவீதம். விரிவாக்கப் பணியாளரிடம் பெற்றவை 5.7 சதவீதம் மட்டுமே. எல்லையில் இது இன்னும் சிக்கல். வாழைக்குப் பலரும் வைத்துவந்த ஃபியூரடான் உட்பட 14 பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி வகைகளுக்கு 2011-ல் கேரள அரசு தடை விதித்தது. சோதனைச்சாவடி தாண்டினால் தமிழ்நாட்டின் களியக்காவிளை. அந்தத் தடை அங்கே செல்லாது. கிருஷி பவன் வேண்டாம் என்று சொன்ன மருந்து பஸ்ஸில் ஏறினால் கிடைத்துவிடும். பக்கத்தில் நின்று மாற்று வழியைச் செய்துகாட்ட ஆள் இல்லாமல் தடை உத்தரவு மட்டும் என்ன செய்யும்?

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. ஐரோப்பிய யூனியன் உதவியுடன் 1993-ல் தொடங்கிய தோட்டக்கலைத் திட்டம், 2001-ல் காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சிலாக மாறியது. விவசாயிகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தங்களுக்குள்ளேயே மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: சாகுபடிக்கு ஒருவர், கடனுக்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவர். பாட்ட விவசாயிக்கும் வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தார்கள். விளைந்ததை ஒரே இடத்தில் குவித்து வியாபாரியை வரவழைத்தார்கள். களப்பணியாளர் தனியாளாக அலைய வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னதை விளையில் செய்துகாட்ட ஊருக்குள்ளேயே ஆள் இருந்தார்.

எனவே அரசு முதலில் செய்ய வேண்டியது, நிலப் பட்டியல் அறிக்கைகளைக் கிருஷி பவனின் தலையிலிருந்து இறக்கி வருவாய்த் துறையிடம் ஒப்படைப்பது. வாரத்தில் சில நாளாவது அலுவலர் விளையில்தான் இருப்பார், எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கக்கூடாது என்று உத்தரவு போடட்டும். பாட்டத்துக்குப் பயிரிடுபவரை நிலக்காரரின் கையெழுத்தில்லாமலே பதிவு செய்ய வழி காணட்டும்.

(தொடரும்)