நிழலைக் கண்டு பயப்படாதீர்கள்!

உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். பாட்டியோ தாத்தாவோ அங்கே சட்டத்துக்குள் இருப்பார்கள். மேலே ஒரு மாலை தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தில் இருப்பவர், நீங்கள் மடியில் உட்கார்ந்து விளையாடிய அதே பாட்டிதானா? சற்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் என் அத்தை. கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடும் ஊர். அத்தைக்கு வயது எண்பதை எட்டப்போகிறது. "அம்மாவை நன்றாக ஒரு படம் எடுத்துக் கொடு" என்று அத்தை மகன் கேட்டுக்கொண்டதால், போன மாசி மாதம் காமிராவும் கையுமாகப் போய் இறங்கினேன்.

அத்தையைச் சுவர் ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்தேன். ஃபிளாஷ் விளக்கைப் பொருத்தினேன். 'பளிச்'சென்று ஒரு மின்னல். எடுத்த படத்தை அத்தையிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். முகமோ தோசைக்கல்லைப் போல் ஒரே தட்டை.

"இது யாரு கண்ணு?" என்றாள் அத்தை.

"நீங்கதான் அத்தை."

"நானா? ரேஷன் கார்டுக்கு வேணா ஆவும்" என்று சிரித்தவள், சுவரில் இருந்த மாமாவின் படத்தைக் காட்டினாள். மாமா காலமான பிறகு, ஏதோ அடையாளச் சீட்டிலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியது அது. "இருபது வருசமா இதுக்குத்தான் பூ வெக்கிறேன். இது யாருன்னே எனக்குத் தெரியல. உங்க மாமா இப்படியா இருந்தாரு?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சிரிக்கும்போது மாமாவின் கன்னத்தில் ஒரு மடிப்பு விழும். புருவத்துக்குக் கீழே கண்கள் சற்று ஆழமாக இருக்கும். அந்த மடிப்பும் ஆழமும் படத்தில் இல்லை. காரணம், படத்தில் நிழலே இல்லை!

நிழல்தான் உருவம்

காகிதத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் கிடையாது. இருந்தும் ஒரு நல்ல படத்தில் மூக்கு முன்னே நிற்கிறது, கன்னம் வளைகிறது, கண் உள்ளே அமர்கிறது. இந்த மாயத்தைச் செய்வது நிழல். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் ஒவ்வொரு மேடும் தனக்குப் பின்னால் ஒரு நிழலைப் போடும். அதைப் பார்த்துத்தான் நம் கண் மேடு எது, பள்ளம் எது என்று புரிந்துகொள்கிறது.

காமிராவிலேயே இருக்கும் ஃபிளாஷ், லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக முகத்தில் அடிக்கிறது. நிழல்களெல்லாம் முகத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்கின்றன. உச்சிவெயில் இதற்கு நேர்மாறு: தலைக்கு மேலிருந்து இறங்குவதால் கண்குழிகள் இரண்டும் இருண்டு போகின்றன.

நம் பெண்களுக்கு இன்னொரு பயமும் உண்டு: "நிழல் விழுந்தால் கறுப்பாகத் தெரிவேனே!" மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அழகு தருவதே பக்கவாட்டு வெளிச்சந்தான், சகோதரிகளே! வெண்கலக் குத்துவிளக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மினுமினுத்து, மறுபக்கம் இருண்டிருப்பதால்தானே அது வெண்கலம் என்று தெரிகிறது? நேரே வெளிச்சத்தைக் கொட்டி வெளுப்பாக்கினால் கறுப்பு நீங்குவதில்லை, முகந்தான் நீங்குகிறது.

கோழிக்கூண்டில் ஒரு ஸ்டூடியோ

இந்த ரகசியத்தை ஓவியர்கள் வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், முகத்தின் ஒரு பாதியை வெளிச்சத்திலும் மறு பாதியை இருளிலும் வைத்து வரைந்தார். இருண்ட கன்னத்தில், கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் இருக்கும். இன்றைக்கும் போட்டோக்காரர்கள் அந்த அமைப்பை 'ரெம்பிராண்ட் லைட்டிங்' என்றே அழைக்கிறார்கள்.

காமிராவில் இதைச் சாதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஒரு குடும்பத் தலைவி என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிள்ளைகள் வளர்ந்து, வீடு வெறிச்சோடிய 48-ஆம் வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் இங்கிலாந்தில் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அந்த அம்மாள் நிலக்கரி போடும் அறையை இருட்டறை ஆக்கிக்கொண்டார். கோழிக்கூண்டிலிருந்த கோழிகளை வெளியேற்றிவிட்டு, கண்ணாடி பதித்த அந்தக் கூண்டையே ஸ்டூடியோவாக மாற்றினார். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் அவர் எடுத்த முகங்கள் இருளிலிருந்து எழுந்து வருவது போல் இருக்கும். 1875-ல் கணவருடன் இலங்கையில் குடியேறி, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-ல் இலங்கையிலேயே காலமானார்.

அண்ணாமலையின் அடிவாரத்தில்

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் திருவண்ணாமலைக்கே வாருங்கள். ரமண மகரிஷியின் படம் ஒன்றை எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: நரைத்த தாடி, கனிந்த பார்வை, மார்பளவு உருவம். பெங்களூர்ப் புகைப்படக்காரர் ஜி. ஜி. வெல்லிங் 1946-ல் எடுத்தது அது. எந்த மூலையில் நின்று பார்த்தாலும் முதலில் நம்மைப் பிடிப்பது அந்தக் கண்கள்தாம்.

1950-ல் மகரிஷியின் கடைசி நாட்களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் காமிராவுடன் அங்கே இருந்தார். அவர்தான் உலகப் புகழ் பெற்ற ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதை அநாகரிகம் என்று கருதியவர் அவர். ஓர் இடத்தில் இயற்கையாக என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதுவே அவருக்குப் போதும். ஏப்ரல் 14 இரவு, மகரிஷி மறைந்த வேளையில், வானில் ஓர் ஒளி மலையை நோக்கி மெதுவாக நகர்ந்து போனதைத் தாம் கண்டதாக அவரும் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னபோது, "அவ்ளோ பெரிய மனுசன் வெளக்கு இல்லாம எடுத்தாரா? அப்போ உனக்கு எதுக்கு அந்த மின்னல்?" என்றாள். நியாயந்தானே!

திண்ணையே போதும்

மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தையைத் தெருக்கதவுக்கு இரண்டடி உள்ளே, மனையில் உட்காரவைத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். கையிலிருக்கும் செல்போனே போதும்.

முதலில் வீட்டிலுள்ள விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் ஒரே வாசல் வழியாகவோ ஒரே ஜன்னல் வழியாகவோ வரட்டும். உட்காருபவரின் முகம் வாசலை நேரே பார்க்காமல் பாதி திரும்பியிருக்கட்டும்; பின்னால் வீட்டின் இருட்டு இருக்கட்டும். இருண்ட கன்னத்தில் அந்த முக்கோண வெளிச்சம் வரும்வரை முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லுங்கள்.

வெயில் நேராக உள்ளே விழுந்தால் நிழல் கத்தி வெட்டியது போலக் கடுமையாகிவிடும். அப்போது ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை வாசலில் திரையாகக் கட்டுங்கள். வெளிச்சம் பரவி மிருதுவாகும். இருண்ட பக்கம் மிகவும் இருண்டால், அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் போதும்.

கடைசியாக ஒன்று. செல்போன் இருட்டைப் பார்த்துப் பயந்து, தானாகவே படத்தை வெளுப்பாக்கப் பார்க்கும். திரையில் வெளிச்சம் படும் கன்னத்தின்மேல் விரலை வைத்து, பிரகாசத்தைச் சற்றுக் குறைத்துவிடுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்!

மலைக்கும் இதே சட்டம்

அன்று மாலை வயல்வெளிப் பக்கம் நடந்தேன். மேற்கே அண்ணாமலை தெரிந்தது. உயரம் 2,668 அடி. மதியம் பார்த்தபோது சாம்பல் நிறக் குவியலாகக் கிடந்த அதே மலை, சூரியன் அதன் பக்கம் சாய்ந்ததும் கருநீலக் கோபுரமாக எழுந்து நின்றது. முகத்துக்குச் சொன்னதெல்லாம் மலைக்கும் பொருந்தும். நம் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் மலை பளிச்சென்றிருக்கும், ஆனால் தட்டை. சூரியன் பக்கவாட்டில் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு பாறையும் பள்ளத்தாக்கும் தனித்தனியே தெரியும். சூரியன் மலைக்குப் பின்னால் போனால் கோட்டு உருவம் மட்டும் மிஞ்சும். ஆகவே காலை முதல் ஒரு மணி நேரமும், மாலை கடைசி ஒரு மணி நேரமுந்தான் காமிராவுக்குப் பொன்னான வேளை. மழை விட்டு மேகம் விலகும் நேரம் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். நன்றாக இருட்டட்டும் என்று காத்திருந்தால் படத்தில் கறுப்பில் ஒரு புள்ளிதான் விழும். ஏற்றிய முதல் கால் மணிக்குள் எடுத்துவிடுங்கள். அப்போது வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். கீழ்பென்னாத்தூர் போல மலைக்குக் கிழக்கேயுள்ள ஊர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு: மேற்கு வானத்தின் கடைசி வெளிச்சம் மலைக்குப் பின்னால் இருப்பதால், தீபமும் தெரியும், மலையும் தெரியும். காமிரா அசையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாலும் சரிதான்.

"இது நான்தான்!"

படத்தை அச்சடித்து அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"பாதி மூஞ்சி கறுப்பா இருக்கே" என்றாள். எனக்குப் பகீர் என்றது. பிறகு விரலால் மெதுவாகத் தன் கன்னத்துச் சுருக்கங்களைப் படத்தில் தடவிப் பார்த்தாள். "ஆனா இது நான்தான். எங்க அம்மாவும் இப்படித்தான் இருக்கும்."

படத்தை மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போனேன். அத்தை தடுத்துவிட்டாள். "இருக்கும்போதே எதுக்கு சொவத்துல? பொட்டியில வெய்யி" என்றவள், மாமாவின் படத்தைப் பார்த்தபடி, "இவரையும் இந்த வாசல்லயே ஒரு நாள் உக்கார வெச்சிருக்கலாம்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. அதன் அருகே உட்கார ஒரு பாட்டியோ, அம்மாவோ, அத்தையோ இருக்கிறார்களா? அப்படியானால் நாளைக் காலை எட்டு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவர்களைக் கூப்பிடுங்கள்.