இயந்திரத்தின் ஐயமும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்

குவைத்தின் மங்காஃபில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் உயர்கல்வியை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டியுள்ளது. அயலூரான எகைலாவிலுள்ள மத்திய கிழக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலமே.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கட்டுரையை மாணவர் எழுதினரா, செயற்கை நுண்ணறிவு எழுதிற்றா எனக் கண்டறியும் கருவிகளைப் பல்கலைக்கழகங்கள் பல நாடின. அவற்றின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைக் கொண்டு சோதித்தனர். சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை எனத் தவறாகக் கணிக்கப்பட்டன. சொல்வளம் குறைந்த எளிய நடையே அதற்குக் காரணமாயிற்று. சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமும், துல்லியம் போதாதெனத் தன் கண்டறி கருவியை அவ்வாண்டு ஜூலையில் கைவிட்டது.

இதனால் களவெழுத்து நியாயமாகிவிடாது. இயந்திரம் எழுதியதற்குத் தன் பெயரிடுவது ஏமாற்றே. ஆயினும், மாணவ விசாவில் அந்நிய நாட்டில் பயில்வோருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுவது, நாட்டை விட்டே வெளியேறுவதாகவும் முடியலாம். ஆதலால் குறிப்புகளையும் முதல் வரைவுகளையும் திகதியிட்டுப் பேணுங்கள். ஐயம் எழுந்தால், எழுதியதை நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். தானே எழுதியவருக்கு அதனை விளக்குவது அரிதன்று.