பிறேக்கின் தலையுருளையை வீட்டில் மாற்றலாமா?

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் மலைப்பாதையை நேயர்கள் பலர் அறிவர். வளைவுக்கு வளைவு சாரதியின் கால் பிறேக்கை நாடுகின்றது. வழக்கமாக உறுதியுடன் நிற்கும் மிதி, காலின் கீழே மெல்ல மெல்லத் தாழ்ந்து தரையைத் தொடுமாயின் வண்டியில் இருப்போர் அனைவரின் உயிரும் ஊசலாடுகின்றது. அத்தாழ்வுக்குக் காரணம் பல வேளைகளில் ஒரு சிறிய உருளையே. கராச்சுகளில் மாஸ்ரர் சிலிண்டர் என வழங்கும் அதனைத் தலையுருளை எனலாம்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எப்பக்கமும் குறையாது பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கிய உண்மை. சாரதி மிதியை அழுத்தும்போது தலையுருளையின் உள்ளே இரு பிஸ்ரன்கள் திரவத்தைத் தள்ளுகின்றன. அவ்வமுக்கம் குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்கின்றது. பிஸ்ரன்களைச் சூழ்ந்த இறப்பர் வளையங்கள் தேய்ந்துவிட்டால், திரவம் முன்னே செல்லாது உள்ளேயே பின்வாங்கும். வெளியே ஒரு துளியும் ஒழுகாதிருக்க, மிதி மட்டும் தாழும்.

இக்கால வண்டிகளில் இன்னோர் உறுப்பும் உண்டு. சில்லுகள் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பே அது. மின்னணு முறையிலான இவ்வமைப்பை 1978இல் பொஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிக்கு வழங்கியது. ஒரு சில்லு திடீரென நிற்கப் போவதை உணர்கருவி அறிவித்ததும், நுண்ணிய வால்வுகள் அச்சில்லின் அமுக்கத்தைக் கணத்திற் குறைத்து மீண்டும் கூட்டுகின்றன. அவ்வால்வுகளின் இடுக்கிற் காற்று புகுந்துவிட்டால் அதனை வெளியேற்றுவது எளிதன்று. வீட்டில் வேலை செய்வோர் அஞ்சவேண்டிய இடம் இதுவே.

முதலிற் குற்றம் எங்கே என்று தெளிதல் வேண்டும். மிதி பஞ்சுபோல் இருப்பின் குழாயிற் காற்று இருக்கலாம். திரவம் குறைந்திருப்பின் எங்கோ ஒழுக்கு இருக்கலாம். மிதி தாழ்வது தலையுருளையாலன்றி ஏ.பி.எஸ். வால்வின் பழுதாலும் நேரலாம். உருளையின் வாய்களை உரிய அடைப்புத் திருகுகளால் மூடி, உள்ளிருக்கும் காற்றையும் நீக்கியபின் மிதித்துப் பார்க்கலாம். அப்போதும் மிதி தாழ்ந்தால் குற்றம் உருளையுடையதே.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்கு அணை வைத்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்தியபின் மிதியைப் பலமுறை அழுத்தினால் பூஸ்ரரில் உள்ள வெற்றிடம் நீங்கும். தொட்டியிலுள்ள பழைய திரவத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிடலாம். குழாய்த் திருகுகளை அவற்றிற்கென அமைந்த பிளவு வளைய ஸ்பானராற் கழற்றுதல் நன்று. சாதாரண ஸ்பானர் அவற்றின் மூலைகளை மழுக்கிவிடும். கழற்றிய குழாய்களின் வாய்களை உடனே மூடவேண்டும். அவை திறந்திருக்கையில் மிதியை எவரும் தொடலாகாது.

புதிய உருளையை அப்படியே பூட்டுவது பெரும் பிழை. அதனை மேசைக் கிடுக்கியில் மட்டமாகப் பிடித்து, திரவம் நிரப்பி, வாய்களிலிருந்து சிறு குழாய்களைத் தொட்டிக்குள் விட்டு, பிஸ்ரனை மெதுவாகத் தள்ளவேண்டும். குமிழிகள் முற்றாக நிற்கும்வரை இது தொடர்தல் வேண்டும். இங்கே பொறுமை காட்டியவர் ஏ.பி.எஸ். பகுதிக்குட் காற்றைப் பெரிதும் செல்லவிடார். பின்பு குழாய்த் திருகுகளை முதலிற் கையாலேயே தொடங்கி, அதன்பின் இறுக்கவேண்டும்.

அடுத்தது சில்லுகளிற் காற்று நீக்கல். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சில்லின் திருகைத் திறந்து, மிதியை விடுமுன் மூடவேண்டும். சில்லுகளின் வரிசை வண்டிக்கு வண்டி வேறுபடும். கைந்நூலைப் பார்த்தல் நன்று. இடையில் தொட்டி வற்றவே கூடாது. அத்தனையும் செய்தபின்னும் மிதி மென்மையாகவே இருந்தால், வால்வுகளையும் பம்பையும் மின்னணுக் கருவியால் இயக்கிக் காற்றகற்றும் கராச்சை நாடுவதே அறிவுடைமை.

திரவத்திலும் கவனம் வேண்டும். மூடியில் எழுதிய வகையையே ஊற்றவேண்டும். டொட் 3 வகை புதிதாக இருக்கையிற் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கும். நெடிய இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பிறேக் பிடியாது. ஆதலின் நெடுநாள் திறந்துகிடந்த போத்தலை ஒதுக்கிவிடல் வேண்டும். எஞ்சின் எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் இறப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும். பிறேக் திரவம் வண்டியின் வர்ணத்தையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவவேண்டும்.

பெற்றோலும் மின்சாரமும் கொண்டு ஓடும் கலப்பு வண்டிகள் சிலவற்றில், பிறேக் திரவம் பேரமுக்கத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் வீட்டார் கைவைத்தல் ஆபத்து.

முடிவிலே எஞ்சின் நிற்கையில் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்கவேண்டும். அது அசையாது நிற்றல் வேண்டும். எஞ்சினை இயக்கும்போது சிறிது தாழ்ந்து உறுதிப்படுவது முறை. ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து அணைதல் வேண்டும். பின்பு வெறுமையான இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே வீதிக்குச் செல்லலாம்.

கருவியும் கைந்நூலும் துணைக்கு ஒருவரும் உள்ளவருக்கு இவ்வேலை இயலாததன்று. ஐயம் எஞ்சியிருக்குமாயின் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். கராச்சுக்குக் கொடுக்கும் பணத்தை மீண்டும் உழைத்துக்கொள்ளலாம்; றம்பொடை வளைவிலே இழப்பதை மீளப் பெறுதல் அரிது.