இல்லமும் இதழும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டும் ஒருவருடைய பொருளை மட்டுமன்றி மன உறுதியையும் அளந்து பார்க்கும் செயல்கள். பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒருமுறையே வீடு கட்டுகின்றனர். அதில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ள மறுமுறை வாய்ப்பதில்லை. ஆகவே, கட்டத் தொடங்குமுன் நாலுபேரைக் கேட்பதும் நாலு வீட்டைப் பார்ப்பதும் மக்களின் இயல்பு. ஊர் ஊராகச் சென்று பார்க்க இயலாதவர்க்கு அவ்வீடுகளைத் தாளிலே கொண்டுவந்து காட்டியவை இல்ல வடிவமைப்பு இதழ்கள். அவை எவ்வாறு தோன்றின, என்ன பணி ஆற்றின, இன்று ஏன் தேய்ந்து வருகின்றன என்பவற்றை இங்குக் காண்போம்.

அணைக்கரையில் எழும் வீடுகள்

நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, கருநாடக நாட்டைக் கடந்து தமிழகத்துள் நுழைந்ததும் முதன்முதலாகத் தேங்கி நிற்கும் இடம் ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் அது. கேழ்வரகும் காய்கறியும் உரோசா மலரும் விளையும் நிலம். இப்பகுதியின் பழைய வீடுகள் சிலவற்றில் பாறையைப் பிளந்தெடுத்த நீண்ட கற்பலகைகளே சுவராகவும் கூரையாகவும் அமைந்திருக்கும். கல் மலிந்த நிலத்தில் மக்கள் தம் அறிவால் கண்ட வழி அது. அதனை அவர்கள் எந்த ஏட்டிலும் படித்தறியவில்லை. தந்தை செய்ததை மகன் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

1970-களில் ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. பின்னர்ச் சுமையுந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் முதலியன செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. பல மாவட்டத்தாரும் பிழைப்பு நாடி வந்து குடியேறினர். 2019-ஆம் ஆண்டில் ஒசூர் மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாயின, மனைகளில் வீடுகள் எழுந்தன. வந்து குடியேறியவர்க்கு அந்நிலத்தின் வெயிலும் காற்றும் புதியன. வழிவழி வந்த அறிவு அவர்களிடம் இல்லை. வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? இந்தக் கேள்வி ஒசூருக்கு மட்டும் உரியதன்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியா முழுமைக்குமே எழுந்த கேள்வி இது.

மார்க் இதழின் தோற்றம்

அக்கேள்விக்கு விடைகாண முயன்றவருள் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் ஒருவர். அவரும் அவர்தம் நண்பர்களும் சேர்ந்து 1946-ஆம் ஆண்டில் பம்பாயில் ‘மார்க்’ என்னும் இதழைத் தொடங்கினர். ‘மார்க்’ என்பது வழி எனப் பொருள்படும் சொல். இக்காலக் கட்டடக்கலையை ஆராயும் குழு என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளும் அதில் அடங்கியிருந்தன. டாட்டா நிறுவனத்தார் விளம்பரம் தந்து அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றனர்.

அக்குழுவில் இருவர் நாம் சிறப்பாக அறியத்தக்கவர். ஒருவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். செருமனியில் பிறந்த அவர், இட்லரின் கொடுமைக்குத் தப்பித் தாயகத்தை விட்டு வெளியேறியவர். 1939-இல் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகப் பணியேற்றுப் பெங்களூரில் வாழ்ந்தார். கெலவரப்பள்ளிக்கு அண்மையிலுள்ள அந்நகரில் அவர் அமைத்த கட்டடங்கள் இன்றும் உள்ளன. வெப்ப நாட்டில் வீடு கட்டுவோர் முதலில் கதிரவனையும் காற்றையும் அறிதல் வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் அவர் உலகுக்கே எடுத்துரைத்தார். மற்றொருவர் இலங்கையின் கண்டி நகரைச் சேர்ந்த மின்னெட் டி சில்வா அம்மையார். புதிய கட்டுமான முறையோடு தம் நாட்டு நெசவையும் கைவினையையும் இணைத்து வீடுகளை அமைத்தவர் அவர்.

‘புதுமை என்பது மேனாட்டைப் பார்த்துச் செய்வதன்று, நம் நிலத்தின் தேவையை இக்காலப் பொருள்களைக்கொண்டு நிறைவேற்றுவதே’ என்பது இத்தகையோர் கொண்டிருந்த கருத்தின் சாரம். 1957-இல் பத்வந்த் சிங் என்பவர் தில்லியிலிருந்து ‘டிசைன்’ என்னும் இதழை வெளியிடலானார். 1970-களின் பிற்பகுதியில் பம்பாயில் தோன்றிய ‘இன்சைட் அவுட்சைட்’ என்னும் இதழ், வீட்டின் உள்ளும் புறமும் வண்ணப் படங்களாகக் காட்டியது. தமிழிலும் இதன் பயன் அறியப்பட்டது. 2013-இல் தொடங்கப்பெற்ற ‘தி இந்து’ தமிழ் நாளிதழ் ‘சொந்த வீடு’ என ஓர் இணைப்பையே வெளியிட்டது.

மேனாட்டில் ஓர் இதழ் இதனினும் ஒருபடி மேலே சென்றது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வெளிவந்த ‘ஆர்ட்ஸ் அண்டு ஆர்க்கிடெக்சர்’ என்னும் இதழ், 1945-இல் கட்டடக் கலைஞர்களை அழைத்து, எளிய குடும்பங்களுக்கு ஏற்ற மாதிரி வீடுகளை வகுக்கச் செய்தது. அவற்றுள் பல உண்மையாகவே கட்டப்பட்டன. ஓர் இதழ் வீட்டைப் படம் பிடித்துக் காட்டுவதோடு நில்லாமல், வீட்டையே தோற்றுவித்தது!

தேய்வும் அதன் காரணங்களும்

இத்துணைச் சிறந்த இதழ்கள் ஏன் தேய்ந்தன? அமெரிக்க இதழ் 1967-இல் நின்றது. ‘டிசைன்’ 1988-இல் நின்றது. ‘மார்க்’ இன்றும் வாழ்கிறது. ஆனால் கட்டடத்தினின்று விலகிப் பழங்கலைகளின் பக்கம் அது நெடுங்காலத்துக்கு முன்பே சென்றுவிட்டது. 1901-இல் தோன்றிய அமெரிக்க ‘ஹவுஸ் அண்டு கார்டன்’ 2007-இல் அச்சை நிறுத்தியது. 2009-இல் ‘மெட்ரோபாலிட்டன் ஹோம்’ மறைந்தது. அறைகலன் விற்கும் சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் 1951 முதல் ஆண்டுதோறும் வெளியிட்ட படநூல், 2016-இல் 32 மொழிகளில் 20 கோடிப் படிகள் அச்சாயிற்று. அதனையும் நிறுத்துவதாக 2020-இல் அந்நிறுவனம் அறிவித்தது.

ஓர் இதழ் பிழைக்கும் முறையை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். வழவழப்பான தாள், பல வண்ண அச்சு, ஒளிப்படக் கலைஞரின் பயணம், அஞ்சற்செலவு ஆகிய யாவும் மிகுந்த பொருளை விழுங்குவன. படிப்போர் தரும் விலை இச்செலவுக்குப் போதுவதில்லை. குறையை நிரப்பியவை விளம்பரங்களே. சிமெண்டு, வண்ணப்பூச்சு, தரைக்கல், குழாய், மின்விசிறி விற்போர் தந்த பொருளில்தான் இதழ்கள் வாழ்ந்தன. 2008-இல் உலகில் பொருளாதார நெருக்கடி மூண்டபோது வீட்டுத் தொழில் நலிந்தது, விளம்பரங்கள் குறைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் கைப்பேசியும் இணையமும் பரவின. வீட்டுப் படங்களை இலவசமாகக் காட்டும் தளங்கள் தோன்றவே, விளம்பரம் தருவோர் அப்பக்கம் திரும்பினர். 2020-இல் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு வந்தபோது இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பதும் அரிதாயிற்று. 1941-இல் பிறந்த ‘கல்கி’ போன்ற புகழ்மிக்க தமிழ் இதழே அவ்வாண்டில் அச்சை விட்டு இணையத்துக்குச் சென்றது எனின், சிறு இதழ்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இழந்ததும் பெற்றதும்

இதனால் நாம் பெற்றது ஒன்றுண்டு. அவ்விதழ்கள் விலை மிக்கவை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. செல்வரின் மாளிகைகளையே மிகுதியாகக் காட்டியவை. அணைக்கரைச் சிற்றூரில் வாழும் உழவர் அவற்றைக் கண்டிருத்தல் அரிது. இன்றோ அவர் மகள் கைப்பேசியில் ஆயிரம் வீடுகளைக் காசின்றிக் காண்கிறாள். இது சிறிய நன்மையன்று.

ஆனால் இழந்ததும் சிறிதன்று. நல்ல இதழ் ஒரு வீட்டின் படத்தை மட்டும் தரவில்லை. வீட்டின் வரைபடத்தையும் அளவுகளையும் தந்தது. வரைபடத்தின் ஓரத்தில் வடக்கு எது எனக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். அச்சிறு குறியின் பெருமையை எண்ணிப் பாருங்கள்.

குளிர்நாட்டு வீடொன்றில் சுவர் முழுதும் கண்ணாடியாக இருப்பதை ஒருவர் கைப்பேசியில் காண்கிறார். அதன் அழகில் மயங்குகிறார். அந்நாட்டில் குளிர்காலக் கதிரவன் தென்வானில் தாழ்ந்து செல்வான். அவன் தரும் வெப்பத்தை வீட்டினுள் வரவேற்கவே தெற்கில் அக்கண்ணாடிச் சுவர் வைக்கப்பட்டது. படத்தில் திசைக்குறி இல்லை, காரணமும் இல்லை. நம்மவர் கெலவரப்பள்ளியில் தம் மனையின் மேற்குப் பக்கத்தில் அதனை அமைக்கிறார். நண்பகலில் உச்சியிலிருக்கும் வெயிலைச் சன்னலின்மேல் நீட்டிய தடுப்பு மறைக்கும். மாலையில் தாழ்ந்து நேரே பாயும் மேற்கு வெயிலை அது மறைக்காது. கோடைக்காலத்தில் அவ்வறை அடுப்பாகிறது. பிறகு திரைச்சீலை, குளிர்சாதனம், மின்கட்டணம் எனச் செலவு தொடர்கிறது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் குழந்தைகள் பகலில் அமர்ந்து படிக்க இயலவில்லை. அம்புக்குறி ஒன்றை அறியாமையால் வந்த துன்பம் இது!

இன்னும் ஓர் இழப்பு உண்டு. இதழாசிரியர் நூறு வீடுகளைப் பார்த்துப் பத்தினைத் தெரிந்தெடுத்தார். குறை கண்டவிடத்துச் சுட்டினார். தம் பெயரை முதற்பக்கத்தில் அச்சிட்டுப் பொறுப்பேற்றார். 1946-இல் அச்சான பக்கத்தை இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். திரையில் தோன்றும் படமோ யார் எடுத்தது, எந்த ஊரினது என்பது தெரியாமலே வருகிறது. வந்த சுவடின்றி மறைகிறது.

நம் கடமை

தாள் மறைவதற்காக வருந்திப் பயனில்லை. ஓலைச்சுவடி மறைந்து அச்சு வந்தபோதும் அறிவு மறையவில்லை. ஏனெனில் சுவடியில் இருந்ததைப் பொறுப்போடு அச்சிலேற்ற அறிஞர் முன்வந்தனர். இன்று வேண்டுவதும் அத்தகைய பொறுப்பே. படம் காட்டும் தளங்கள் அளவையும் திசையையும் காரணத்தையும் காட்டுமாயின், இதழ் செய்த பணி வேறு வடிவில் தொடரும்.

மாணவர்களே! உங்கள் வீட்டை நீங்களே ஒருமுறை அளந்து வரைந்து பாருங்கள். வடக்கு எது எனக் குறியுங்கள். காலையில் வெயில் எச்சன்னல் வழியே வருகிறது, மாலையில் எச்சுவர் சுடுகிறது, காற்று எப்பக்கம் நுழைகிறது என எழுதுங்கள். உங்கள் ஊரின் பழைய கல்வீட்டையும் அவ்வாறே ஆராயுங்கள். நாளை நீங்கள் வீடு கட்டும்போது, எந்த அழகிய படத்தைக் கண்டாலும் ‘இதில் வடக்கு எங்கே?’ என்று கேட்பீர்கள். அக்கேள்வி உங்கள் உள்ளத்தில் எழுமாயின், அந்த இதழ்கள் செய்த தொண்டு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.