தோத்துட்டே இருக்கிற டீம் எப்படி லாபம் பார்க்குது? பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் கணக்குப் புத்தகம்

இந்த வாரம் எஸ்ஐபி இல்ல, டாக்ஸ் ரெஜிம் இல்ல. பேஸ்பால். பயப்படாதீங்க, விளையாட்டு தெரியாட்டியும் கணக்கு புரியும்.

நான் சி.ஏ. முடிச்ச புதுசுல அமெரிக்க கிளையன்ட் ஒருத்தருக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். மாசக் கடைசி க்ளோசிங் கால் நம்ம நேரப்படி ராத்திரி ஒன்பதுக்கு. அந்தப் பக்கம் ஃபைனான்ஸ் மேனேஜர் பிட்ஸ்பர்க்காரர், ஐம்பது வயசுக்கு மேல. 2018 ஜனவரியில ஒரு கால்ல ஆள் ரொம்ப சோர்ந்து இருந்தார். வீட்ல ஏதாவது பிரச்சினையான்னு கேட்டேன். "எங்க டீம் ரெண்டு பேரை வித்துடுச்சு"ன்னார். கெரிட் கோல், ஆண்ட்ரூ மெக்கட்சன். டீமோட முக்கியமான பவுலர் (பேஸ்பால்ல பிட்சர்னு சொல்லுவாங்க), அப்புறம் ஊரே கொண்டாடின பேட்ஸ்மேன். ரெண்டு பேரையும் இரண்டே நாள் இடைவெளியில வேற டீமுக்குக் கொடுத்துட்டாங்க. அன்னைக்கு ரீகன்சிலியேஷன் முடியல. அவர் கதைதான் ஓடுச்சு.

அவர் கதை 1992-ல தொடங்குது. அந்த வருஷம் அக்டோபர் 14, அட்லாண்டாவுக்கு எதிரா ஏழாவது ஆட்டம். ஜெயிச்சா வேர்ல்ட் சீரிஸ். கடைசி இன்னிங்ஸ்ல 2-0 முன்னிலையில இருந்த பைரேட்ஸ், 3-2-ன்னு தோத்தாங்க. ரெண்டே மாசத்துல அவங்களோட பெரிய ஸ்டார் பேரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் 1993-ல இருந்து 2012 வரை தொடர்ந்து 20 சீசன், ஜெயிச்சதைவிட தோத்ததுதான் அதிகம். அமெரிக்காவோட பெரிய விளையாட்டு லீக் எதுலயும் இவ்வளவு நீளமான தோல்வித் தொடர் கிடையாது. நடுவுல 2013, 14, 15-ல மட்டும் ப்ளே-ஆஃப். அப்புறம் 2018-ல இந்த விற்பனை.

அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "நீ சி.ஏ. தானே, இவ்வளவு தோத்தும் இந்தக் கம்பெனி எப்படி மூடல?"

அன்னைக்கு எனக்கு பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சேன்.

கசிந்த பேலன்ஸ் ஷீட்

அமெரிக்க பேஸ்பால் டீம்கள்ல பெரும்பாலானவை தனியார் கையில. அட்லாண்டா பிரேவ்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டைத் தவிர கணக்கு வெளிய வராது. ஆனா 2010-ல பைரேட்ஸ் உட்பட சில டீம்களோட நிதி அறிக்கை பத்திரிகைகளுக்குக் கசிஞ்சது. அதுல தெரிஞ்சது: 2007, 2008 ரெண்டு வருஷமும் சேர்த்து பைரேட்ஸுக்கு ஏறக்குறைய 2.94 கோடி டாலர் லாபம். அந்த வருஷங்கள்ல டீம் தோத்தது 94 ஆட்டம், 95 ஆட்டம். மொத்தமே சீசனுக்கு 162 ஆட்டம்தான்.

2008-ல பங்குதாரர்களுக்குப் போனது 2.04 கோடி டாலர். இந்த நம்பரைப் பார்த்து ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க. ஒரு சி.ஏ.வா இங்க கொஞ்சம் நிதானம் சொல்லணும். நம்ம ஊர்ல எல்எல்பி-ன்னா வரியை எல்எல்பியே கட்டிடும், பார்ட்னர் கைக்கு வர்ற லாபப் பங்குக்கு வரி இல்ல. அமெரிக்காவில பார்ட்னர்ஷிப்னா தலைகீழ். நிறுவனம் வரி கட்டாது, லாபம் பார்ட்னர் தலையில ஏறும், அவர் சொந்தமா கட்டணும். அதுக்குப் பணம் நிறுவனத்துல இருந்துதான் வரணும். இந்தப் பணம் அப்படி வரிக்கும் போச்சுன்னு நிர்வாகம் விளக்கம் சொல்லுச்சு. அது நியாயமான விளக்கம்தான். ஆனா லாபம் இருந்தாத்தானே வரி?

எனக்கு அதைவிட முக்கியமா பட்டது வேற ஒரு வரி. ரெவென்யூ ஷேரிங். பணக்கார டீம்கள்கிட்ட வாங்கி ஏழை டீம்களுக்குக் கொடுக்கிற பணம். அந்த ரெண்டு வருஷத்துல பைரேட்ஸ் வாங்கினது 6.9 கோடி டாலர் அளவில. லாபம் 2.94 கோடி. கழிச்சுப் பாருங்க. இந்தப் பணம் வரலேன்னா அது கிட்டத்தட்ட 4 கோடி டாலர் நஷ்டம் காட்டுற கம்பெனி. நிர்வாகத்தைத் திட்டுறவங்களும் சரி, காப்பாத்துறவங்களும் சரி, இதே நம்பரைத்தான் காட்டுவாங்க. "பார்த்தியா, எவ்வளவு சின்ன ஊரு"ன்னு ஒருத்தர். "பார்த்தியா, ஓசிக் காசுல லாபம்"னு இன்னொருத்தர்.

அந்தக் காசு டீமை நல்லா ஆட வைக்கத்தான் செலவாகணும்னு வீரர்கள் சங்கத்தோட போட்ட ஒப்பந்தத்திலயே இருக்கு. ஆனா 2010 சீசன் தொடங்கும்போது பைரேட்ஸோட மொத்த சம்பளப் பட்டியல் ஏறக்குறைய 3.5 கோடி டாலர். லீகிலேயே கம்மி. அதே வருஷம் நியூயார்க் யாங்கீஸ் 20 கோடிக்கு மேல. அந்த சீசன்ல பைரேட்ஸ் 105 ஆட்டம் தோத்தாங்க. 2018 பிப்ரவரியில வீரர்கள் சங்கம் பைரேட்ஸ் உட்பட நாலு டீம் மேல இதுக்காக முறையீடே தாக்கல் பண்ணுச்சு. ஆனா ஆடிட் பண்ணினவங்களுக்குத் தெரியும், காசுக்கு முகம் கிடையாது. பொதுவான பேங்க் அக்கவுண்ட்ல விழுந்த டாலர்ல எந்த டாலர் வீரருக்குப் போச்சு, எது கடன் அடைக்கப் போச்சுன்னு யார் பிரிச்சுக் காட்டுறது?

100 டாலர் டிக்கெட்டில் ஓனருக்கு எவ்வளவு?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். நம்ம ஐபிஎல்ல ஏலத்துக்கு எல்லா டீமுக்கும் ஒரே பர்ஸ். பேஸ்பால்ல அப்படி உச்சவரம்பு இல்ல. ஒரு அளவைத் தாண்டினா வரி மாதிரி அபராதம் கட்டணும், அவ்வளவுதான். குறைந்தபட்சம் இவ்வளவு செலவு பண்ணியே ஆகணும்னும் கிடையாது.

வருமானம் ரெண்டு வகை. தேசிய அளவு டிவி உரிமை மாதிரியான பொதுப் பணம் 30 டீமுக்கும் சமமா பிரியும். முதல் இடமோ கடைசி இடமோ, பங்கு ஒண்ணுதான். ரெண்டாவது உள்ளூர் வருமானம்: டிக்கெட், உள்ளூர் டிவி, ஸ்டேடியத்துல விக்கிற பீரு, ஹாட் டாக். இதுல ஒவ்வொரு டீமும் 48% எடுத்து ஒரு பொது உண்டியல்ல போடணும். உண்டியல் 30 சம பங்கா திரும்பி வரும். இதுதான் ரெவென்யூ ஷேரிங். (ஸ்டேடியம் செலவைக் கழிக்கிறது மாதிரி நுணுக்கங்கள் இருக்கு, இங்க விட்டுடுறேன்.)

இப்போ நம்ம பிட்ஸ்பர்க்காரர் கோபத்துல 100 டாலர் டிக்கெட் வாங்கலன்னு வைங்க. அதுல 48 டாலர் எப்படியும் உண்டியலுக்குப் போயிருக்கும். ஓனர் கையில நின்னிருக்கக் கூடியது 52. உண்டியல்ல 48 குறைஞ்சதால திரும்பி வர்ற பங்கும் 48-ஐ 30-ஆல வகுத்தா, 1.60 டாலர் குறையும். மொத்தத்துல ஓனருக்கு வலிச்சது 53.60 டாலர். மீதி 46.40 டாலர் வலி மத்த 29 டீமுக்குப் பிரிஞ்சு போயிடுச்சு. ரசிகரோட கோபத்துல பாதிக்குத்தான் ஓனர் பதில் சொல்லணும்.

இதையே திருப்பிப் போடுங்க. ஒரு நல்ல வீரருக்கு வருஷம் 2 கோடி டாலர் கொடுக்கிறாங்க. டீம் ஜெயிக்குது, கூட்டம் வருது. போட்ட காசை எடுக்க உள்ளூர் வருமானம் 2 கோடி கூடினா போதாது. 2-ஐ 0.536-ஆல வகுங்க, ஏறக்குறைய 3.73 கோடி கூடணும். பிட்ஸ்பர்க் மாதிரி ஊர்ல அது லேசுப்பட்ட வேலை இல்ல. அதனால செலவு பண்ணாம இருக்கிறதுதான் எக்செல் ஷீட்ல சரியான விடையா வருது. நான் ஓனரோட சி.ஏ.வா இருந்தா இதையேதான் சொல்லியிருப்பேனோன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். பதில் எனக்கே பிடிக்கல.

2015-ல பைரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு வந்த கூட்டம் ஏறக்குறைய 25 லட்சம். 2018-ல 15 லட்சத்துக்கும் கீழ. இத்தனைக்கும் 2018-ல டீம் 82 ஜெயிச்சு 79 தோத்தது, மோசமே இல்ல. ஆனாலும் அந்த ரெண்டு பேரை வித்த கோபத்துல ஜனம் வரல. நம்ம ஆளும் தன் சீசன் டிக்கெட்டை அந்த வருஷம்தான் நிறுத்தினார். 10 லட்சம் பேர் வராம போனாங்க. நிர்வாகத்தோட போக்கு மாறல. வித்த கோல் 2019 டிசம்பர்ல யாங்கீஸோட 9 வருஷத்துக்கு 32.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். பைரேட்ஸ் தங்களோட சரித்திரத்துல அதுவரைக்கும் போட்ட பெரிய கான்ட்ராக்ட், 2023-ல பிரையன் ரெனால்ட்ஸுக்குக் கொடுத்தது, 8 வருஷத்துக்கு 10.675 கோடி.

லாபம் இருக்கிற இன்னொரு இடம்

வருஷ லாபத்தை விடுங்க. 1996-ல இந்த டீமை ஒரு குழு வாங்கின விலை சுமார் 9.5 கோடி டாலர். 2007-ல பாப் நட்டிங் முதன்மை உரிமையாளரா வந்தார். 2025-ல ஃபோர்ப்ஸ் மதிப்பீடு 130 கோடி டாலர் அளவில இருந்துச்சு. சிஏஜிஆர் போட்டா 29 வருஷத்துக்கு ஏறக்குறைய 9.4%. நம்ம கமெண்ட்ல "இது ஒரு நல்ல இண்டெக்ஸ் ஃபண்ட் கொடுக்கிறதுதானே"ன்னு சொல்லப் போறீங்க. சரிதான். ஆனா இண்டெக்ஸ் ஃபண்டுக்கு யாரும் ஸ்டேடியம் கட்டித் தர மாட்டாங்க. பைரேட்ஸ் ஆடுற பிஎன்சி பார்க் 2001-ல திறந்தது, பெரும்பகுதி பொதுப்பணம். அதுக்கு முன்னாடி 1997-ல விற்பனை வரியைக் கூட்டி ஸ்டேடியம் கட்டலாமான்னு மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க, மக்கள் வேண்டாம்னாங்க. அப்புறம் "பிளான் பி"-ன்னு பேர் வெச்சு வேற வழியில கட்டிட்டாங்க.

இன்னொண்ணு, இது சி.ஏ.க்களுக்கு மட்டும்: புதுசா டீம் வாங்குறவர் அமெரிக்காவில கொடுத்த விலையில பெரும்பகுதியை 15 வருஷத்துல தேய்மானமா கழிச்சுக்கலாம். நம்ம ஊர்ல 2021 ஃபைனான்ஸ் ஆக்ட் குட்வில்லுக்குத் தேய்மானமே கிடையாதுன்னு சொல்லிடுச்சு.

ஊர் சின்னதுங்கிற வாதத்துக்கு வருவோம். உண்மைதான், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி டிவி பணம் பிட்ஸ்பர்க்ல வராது. உள்ளூர் ஆட்டங்களைக் காட்டின சேனலே 2023-ல கை மாறிடுச்சு. ஆனா மில்வாக்கி பிட்ஸ்பர்கைவிடப் பெரிய ஊர் இல்லையே. 2025-ல மில்வாக்கி 97 ஆட்டம் ஜெயிச்சு லீகிலேயே முதல் இடம். அதே வருஷம் பைரேட்ஸ் 71 ஜெயிச்சு 91 தோல்வி. ஃபார்முலா ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். என் கணிப்புல ஃபார்முலா ஒருத்தரைக் கெடுக்காது. ஏற்கெனவே கை இறுக்கமா இருக்கிறவருக்கு அது தண்டனை கொடுக்காது, அவ்வளவுதான்.

2025 பைரேட்ஸ்ல பால் ஸ்கீன்ஸ்னு ஒரு பிட்சர். 23 வயசு. லீகோட சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அந்த வருஷம் அவருக்குத்தான். ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா 1.97 ரன்தான் கொடுத்தார். அவர் கணக்குல வெற்றி 10, தோல்வி 10. பேட்டிங் அவ்வளவு வீக். சம்பளம் 8.75 லட்சம் டாலர், குறைந்தபட்ச சம்பளமே 7.6 லட்சம். காரணம், பேஸ்பால்ல ஒருத்தர் இஷ்டப்பட்ட டீமுக்குப் போக ஆறு வருஷ சர்வீஸ் முடிக்கணும். முதல் மூணு வருஷம் பெரும்பாலும் டீம் சொல்றதுதான் சம்பளம். கேம்பஸ்ல சேர்ந்து பாண்ட் எழுதிக் கொடுத்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். ஸ்கீன்ஸுக்கு ஆறு வருஷம் முடியும்போது என்ன நடக்கும்னு பிட்ஸ்பர்க்ல எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு.

2025 ஏப்ரல்ல சொந்த ஊர்ல முதல் ஆட்டம். டீமை வித்துடுன்னு ஓனருக்குச் சொல்ற பேனரைக் கட்டிக்கிட்டு ஒரு குட்டி விமானம் ஸ்டேடியத்துக்கு மேல சுத்துச்சு. ரசிகர்கள் காசு போட்டுப் பிடிச்ச விமானம். உள்ளயும் அதே கோஷம். அதே நேரத்துல செங்கல் விவகாரம் வேற. ஸ்டேடியம் கட்டும்போது ரசிகர்கள் காசு கொடுத்து தங்க பேரு, அப்பா பேருன்னு பொறிச்சு வாசல்ல பதிச்ச செங்கல்கள். அதையெல்லாம் பெயர்த்து எடுத்து, ஒரு குப்பை மறுசுழற்சி இடத்துல கிடந்த படம் வெளிய வந்துடுச்சு. மாற்று ஏற்பாடு செய்யறோம்னு நிர்வாகம் சொல்லுச்சு.

அந்தப் படத்தை நான் நம்ம பழைய மேனேஜருக்கு அனுப்பினேன். இப்போ ரிட்டயர் ஆயிட்டார். அவர் அப்பா பேர்லயும் ஒரு செங்கல் இருந்துச்சாம். அது ஷேர் சர்டிபிகேட் இல்ல, டெபாசிட் ரசீதும் இல்ல. எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் அவருக்குப் பாக்கின்னு ஒரு வரி கிடையாது. 26 வருஷம் சீசன் டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பீங்கன்னு கேட்டேன். கூட்டிப் பார்க்க மாட்டேன்னுட்டார். ஒரு ஃபைனான்ஸ் மேனேஜர் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இப்போ மேட்ச் பார்க்கிறதை விட்டாச்சா?"ன்னேன். ஸ்கீன்ஸ் பந்து போடுற நாள்ல மட்டும் ஒரு டிக்கெட் எடுக்கிறாராம். அதுல 53.60% யாருக்குப் போகுதுன்னு சொல்லலாமான்னு நினைச்சேன். சொல்லல.

லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல முடியுது. உண்டியல் ஃபார்முலா, சம்பள உச்சவரம்பு எல்லாம் அந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கு வரும். அடுத்த வீடியோவில ஷோஹெய் ஓட்டானியோட 70 கோடி டாலர் கான்ட்ராக்ட்டைப் பார்க்கலாம். அதுல 68 கோடியை 2034-ல இருந்து வாங்கிக்கிறேன்னு அவர் ஏன் ஒத்துக்கிட்டார், இன்றைய மதிப்புல அது எவ்வளவுன்னு ஷீட்டோட போடுறேன்.