பொத்தானும் கட்டளையும்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருப்புப் பாதையின் மேலாகச் செல்லும் பாலத்தை அங்கு வாழும் தமிழன்பர்கள் நன்கறிவார்கள். கைப்பேசிச் செயலியைப் பற்றிப் பேச வந்த நாம் அப்பாலத்தடியில் ஓடும் வண்டிகளிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இருப்புப் பாதை நிலையத்துப் பலகையில் ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் கைகாட்டி பச்சை விளக்கைக் காட்டிவிடுவதில்லை. பாதையில் வேறு வண்டி நிற்கின்றதா, தண்டவாளம் பிரியுமிடங்கள் உரிய நிலையில் பூட்டப்பட்டுள்ளனவா என்று பின்னுள்ள பொறியமைப்பு முதலில் ஆராய்கின்றது. யாவும் ஒத்திருந்தாலன்றிக் கட்டளை நிறைவேறாது. பொத்தான் வேறு, கட்டளை வேறு.

லிங்கராஜபுரத்தில் கட்டட வேலை செய்யும் ஒருவர், சனிக்கிழமை மாலை கூலி பெற்றதும், திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலுள்ள தம் தாயாருக்கு 5,000 ரூபாய் அனுப்ப முற்படுகிறார் எனக் கொள்வோம். இரகசிய எண்ணைப் பதித்து இறுதிப் பொத்தானைத் தொடுகிறார். திரை அசையவில்லை. பதற்றத்துடன் மறுபடியும் தொடுகிறார். இப்பொழுது ஊருக்குச் செல்வது ஐயாயிரமா, பத்தாயிரமா?

திரையிலுள்ள பொத்தான் வெறும் படம். விரல் பட்ட இடத்தில் ஏற்படும் மின் மாறுதலைக் கொண்டு, எந்தப் படம் தொடப்பட்டது என்பதைக் கைப்பேசி கணிக்கின்றது. பெரும்பாலும் விரல் பதியும்போதன்று, எடுக்கும்போதே கட்டளை பிறக்கின்றது. தவறான பொத்தானில் விரல் வைத்துவிட்டால், எடுக்காமலே அப்பால் நகர்த்தி, பின்னர் எடுத்துப் பாருங்கள்; ஒன்றும் நிகழாது.

முன்னாளில் பொத்தானுக்குள்ளேயே வேலை முழுவதையும் எழுதிவிடுவது நிரல் எழுதுவோரிடையே பெருவழக்காக இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைச் சார்ந்த ஜான் காஸ்மன் என்பார் 2005ஆம் ஆண்டில் விளக்கிய முறையில், திரையும் அதன் பின்னுள்ள வேலையும் பிரிக்கப்பட்டன. பொத்தான் கட்டளையோடு பிணைக்கப்படுவதோடு சரி. இம்முறையில் ஒவ்வொரு கட்டளையும் இரண்டு வினாக்களுக்கு விடை வைத்திருக்கும். செய்ய வேண்டியது யாது? இப்பொழுது செய்யலாமா? தொகை எழுதப்படாதவரை இரண்டாம் வினாவுக்கு 'ஆகாது' என்பதே விடையாதலால், பொத்தான் மங்கிக் கிடக்கும்.

இப்பிரிவினையால் பிறமாநிலத்துத் தமிழருக்கு வேறொரு நன்மையும் வாய்த்தது. பொத்தானின் மேல் 'அனுப்பு' என்றிருந்தாலும், கன்னடத்தில் 'களுஹிஸி' என்றிருந்தாலும் பின்னிருக்கும் கட்டளை ஒன்றே. பெயர்ப்பலகையை மாற்றினால் போதும். கடையை மாற்ற வேண்டியதில்லை.

இனி அத்தொழிலாளியிடம் மீள்வோம். பணம் அனுப்பும் வேலை வங்கி வரை சென்று திரும்ப வேண்டியது. அதுவரை திரையை நிறுத்தி வைத்தலும் ஆகாது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசியில் தொடுதலுக்கு 5 வினாடிகளுக்குள் மறுமொழி தராத செயலியைப் 'பதிலளிக்கவில்லை' என்று அறிவித்துவிடுவார்கள். ஆகவே வேலை திரைமறைவில் நடைபெறுகின்றது. செவ்வனே அமைந்த செயலியில், முதல் தொடுதலிலேயே 'இப்பொழுது ஆகாது' என்னும் விடை எழுந்து, பொத்தான் உறங்கிவிடும். இரண்டாம் தொடுதல் சுவரைத் தட்டியதற்கு ஒப்பாகும்.

அதுவும் போதாது. இடையில் தொடர்பு அறுந்து, செயலி அதே கட்டளையை மீண்டும் அனுப்ப நேரலாம். அதற்காகவே ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் இடப்படுகின்றது. அதே எண் இருமுறை வந்து சேரினும் ஒருமுறை மட்டுமே கணக்கில் ஏறும்படி அமைப்பது முறை. நாமே செயலியை மூடித் திறந்து புதிதாக அனுப்பினாலோ, அது புதிய எண் பெற்ற புதிய கட்டளை. அதைத் தடுப்பார் எவருமில்லை. எல்லாச் செயலிகளும் செவ்வனே எழுதப்பட்டவை என்றும் நாம் கூறோம்.

ஐயம் எழுமாயின் பொத்தானைத் தொடாது, பரிமாற்றப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட யூ.பி.ஐ. முறையில் ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. 'நிலுவையில்' என்று காட்டினால் அதன் முடிவு தெரியும்வரை காத்திருங்கள். வங்கியில் முறையிட நேர்ந்தால் அவ்வெண்ணையே முதலில் கேட்பார்கள். குறித்து வைத்துக்கொள்வது நலம்.